மூன்று இரவு, இரண்டு பேர்: ஸ்டாக்ஹோமிலிருந்து எந்த ஊருக்குப் போகலாம்?

செப்டம்பர் கடைசி வாரத்தில் தம்பியும் அவன் மனைவியும் மயிலாடுதுறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஸ்டாக்ஹோமில் மொத்தம் பன்னிரண்டு நாள். அதில் மூன்று இரவு அவர்கள் இருவரும் மட்டும் தனியாக எங்காவது போய்வர வேண்டும் என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. அவனுக்குக் கடை, அவளுக்குப் பள்ளிக்கூட வேலை, வீடு நிறைய ஆட்கள். இரண்டு பேருமாக வெளியூரில் தங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"எந்த ஊர் அக்கா?" என்று அவன் கேட்டபோது உடனே பதில் சொல்ல வரவில்லை. நானும் என் கணவரும் இங்கே வந்த பதினொரு வருடத்தில் நார்வேயின் பெர்கன், டென்மார்க்கின் கோபன்ஹேகன், எஸ்டோனியாவின் தாலின், லாத்வியாவின் ரீகா, சுவீடனிலேயே உள்ள விஸ்பி என்று பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இரண்டு மூன்று நாள் பயணமாகப் போயிருக்கிறோம். எங்களுக்குப் பிடித்த ஊர் அவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. அதனால் உட்கார்ந்து யோசித்து எழுதி அனுப்பினேன். இதே கேள்வி உள்ள வேறு யாருக்காவதும் உதவட்டும் என்று அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெர்கன். நாங்கள் முதன்முதலில் போன ஊர் அது. நான் பாடம் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

நார்வேயின் மேற்குக் கரையில், ஏழு மலைகள் சூழ்ந்த துறைமுகம். கரையோரத்தில் பிரிக்கன் என்ற மர வீட்டு வரிசை. ஹான்சா என்ற இடைக்கால ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பின் ஆட்கள் வடக்கிலிருந்து வந்த கருவாட்டை வாங்கி, பதிலுக்குத் தானியம் கொடுத்த இடம். 1702-இல் ஊரே எரிந்த பிறகு பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்கள். 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த வீடுகளுக்கு நடுவே போகும் மரச்சந்துகளில் நடந்தால் தார் வாசனையும் ஈர மரத்தின் வாசனையும் சேர்ந்து வரும். எனக்கு அந்தச் சந்துகளிலேயே நாள் முழுக்க இருக்க ஆசை. என் கணவருக்கு மேலே ஏற ஆசை. ஊருக்கு நடுவிலிருந்தே கிளம்பும் ஃப்ளோய்பானன் இழுவை ரயில் சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்தில் விட்டுவிடும். அது அவருக்குப் போதவில்லை. 643 மீட்டர் உயரமுள்ள உல்ரிக்கன் மலைக்குப் போக வேண்டும் என்றார். நானும் கூடவே போனேன். மேலே போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் மேகம் மூடியது. எதிரே நீட்டிய கை தெரியவில்லை. என் செருப்புக்குள் தண்ணீர். மறுநாள் எனக்காக அவர் சந்துகளுக்கு வந்தார். வந்தாரே தவிர, ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று நாளும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து, இரண்டு பேருமே எதையும் முழுதாக அனுபவிக்காமல் திரும்பினோம்.

அன்றிலிருந்து ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு அளவுகோல் வைத்திருக்கிறோம். இரண்டு மணி நேரம் பிரிந்து அவரவர் விருப்பப்படி சுற்றிவிட்டு, அலைச்சல் இல்லாமல் திரும்பச் சந்திக்க முடிகிற ஊரா? சந்தித்த பிறகு ஒருவர் பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்ல உட்கார நல்ல இடம் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் போதும். எத்தனை கோட்டை, எத்தனை அருங்காட்சியகம் என்ற கணக்கெல்லாம் அப்புறம்தான்.

தம்பிக்கு ரயில் பிடிக்கும், கப்பல் பிடிக்கும், இயந்திரம் எதுவானாலும் பிடிக்கும். அவளுக்கு நெசவு, கைவேலை, பழைய வீடுகள். இரண்டு பேரும் சைவம். கையில் உள்ள பணம் அளவானது. இதை வைத்துத்தான் கீழே உள்ளதெல்லாம்.

ரயில் பிரியனுக்கு பெர்கன் பெரிய ஆசை காட்டும். ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு 1909 முதல் ஓடும் ரயில், 1,222 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபின்ஸே நிலையத்தைத் தாண்டிப் போகிறது. ஆறரை, ஏழு மணி நேரப் பயணம். நடுவே மிர்தால் நிலையத்தில் இறங்கி மாறினால் ஃப்ளோம் ரயில். சுமார் 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் இறங்கி கடல் மட்டத்துக்கு வந்துவிடும். தம்பி ஜன்னலை விட்டு எழுந்திருக்கவே மாட்டான். ஆனால் ஸ்டாக்ஹோமிலிருந்து ஓஸ்லோவுக்கே ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. மூன்று இரவில் இரண்டு பகல் ரயிலிலேயே போய்விடும். விமானத்தில் போனால் ரயில் இல்லை. ரயில் இல்லாவிட்டால் அவனுக்கு பெர்கனே பாதிதான். இன்னொன்று மழை. வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் அது, அதிலும் இலையுதிர்காலம்தான் மோசம். செப்டம்பர் கடைசியில் முதன்முறையாக ஐரோப்பா வருகிறவர்களை அங்கே அனுப்ப எனக்கு மனமில்லை. மே மாதத்தில், ஐந்து இரவு கையில் இருந்தால், இதே கட்டுரையில் பெர்கனைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இப்போது வேண்டாம்.

விஸ்பியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கோத்லாந்து தீவில் உள்ள சின்ன ஊர். கிட்டத்தட்ட மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு இடைக்கால மதில் இன்னும் நிற்கிறது. மதிலுக்குள்ளே கூரை இழந்த தேவாலயங்கள், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ரோஜாக் கொடி. நீனஸ்ஹாம்ன் துறையிலிருந்து கப்பலில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எங்கள் இரண்டு பேருக்கும் மிகவும் பிடித்த ஊர் எது என்று கேட்டால் இதுதான். பிரிந்து சந்திப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒருவரையொருவர் பார்த்துவிடுவோம். ஆனால் ஆகஸ்ட் முடிந்ததும் ஊர் அடங்கிவிடுகிறது, பல கடைகள் அடுத்த கோடை வரை கதவைச் சாத்திவிடுகின்றன. அந்த அமைதி எங்களுக்கு வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு மூன்று நாள் அமைதி அதிகம்.

மிச்சம் மூன்று ஊர். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

கோபன்ஹேகன் என்றதும் தம்பி துள்ளினான். காரணம் தரங்கம்பாடி. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தரங்கம்பாடி. பள்ளிக்கூடச் சுற்றுலா என்றாலே அந்த டேனியக் கோட்டைதான். கடற்காற்றில் நின்று புளிசாதம் சாப்பிட்ட இடம். அந்தக் கோட்டை எழுந்தபோது டென்மார்க்கின் அரசர் நான்காம் கிறிஸ்தியான். அவர் காலத்தில் 1616-இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1620-இல் ஓவ கெத்த என்ற இளம் தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

அதே கிறிஸ்தியான் கட்டியவைதான் கோபன்ஹேகனில் இன்று எல்லோரும் போய்ப் பார்க்கும் ரோசன்பொர் மாளிகையும் வட்டக் கோபுரமும். 1642-இல் முடிந்த அந்தக் கோபுரத்தில் உச்சிக்குப் பக்கம் வரும்வரை படிக்கட்டே கிடையாது. உள்ளே சுழன்று சுழன்று மேலே போகும் சரிவுப் பாதை, 200 மீட்டருக்கு மேல் நீளம். வெள்ளைச் சுவரும் செங்கல் தரையுமாக இருக்கும் அந்தச் சரிவில் நான் ஏறியபோது நினைத்ததெல்லாம் தரங்கம்பாடிக் கோட்டையின் வளைவுகளைத்தான். எங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு இந்த ஊரில் கிடைக்கும் ஒட்டுதல் வடக்கு ஐரோப்பாவில் வேறெங்கும் கிடைக்காது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

போகும் வழியும் அவனுக்கு ஏற்றது. ஸ்டாக்ஹோமிலிருந்து நேர் ரயில், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். மால்மோ தாண்டியதும் 2000-இல் திறந்த ஊரசுண்ட் பாலம். எட்டு கிலோமீட்டர் போல கடலுக்கு மேலே போய், ஒரு செயற்கைத் தீவில் இறங்கி, மிச்ச தூரம் கடலுக்கடியில் சுரங்கத்தில் போகும். ஊருக்குள் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ, இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. அவன் அதில் முன்பெட்டியில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம். அவள் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் நாற்காலியும் துணியும் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் கழித்து எந்த நிலையத்திலும் சந்திக்கலாம். அளவுகோலில் நல்ல மதிப்பெண். ஒரே எச்சரிக்கை, நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள சைக்கிள் பாதையில் கால் வைத்துவிடக் கூடாது. அலுவலக நேரத்தில் அங்கே சைக்கிள்கள் வரும் வேகம் நம் ஊர் டூவீலருக்குக் குறைந்ததில்லை.

தயக்கம் இரண்டு. ஒன்று, செலவு. ஒரு காபியே நம் பணத்தில் 500 ரூபாயை ஒட்டி வரும். ஊர் நடுவே சுமாரான ஹோட்டல் அறைக்குக் கொடுக்கிற பணத்தில் தாலினிலோ ரீகாவிலோ பெரும்பாலும் இரண்டு இரவு தங்கிவிடலாம். ஒவ்வொரு காபிக்கும் மனதுக்குள் ரூபாய்க் கணக்குப் போடுகிற தம்பதிக்கு அது ஓய்வாக இருக்காது. தம்பி போடுவான், எனக்குத் தெரியும். இரண்டாவது, ஏற்கெனவே ஸ்டாக்ஹோமில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கப் போகிறார்கள். அரண்மனை, தண்ணீர், படகு, சுத்தமான வீதி எல்லாம் இங்கேயே பார்த்திருப்பார்கள். கோபன்ஹேகன் வேறு ஊர்தான். ஆனாலும் முதல்முறை வருகிறவர் கண்ணுக்கு அதன் சாயல் நிறைய ஒத்துப்போகும்.

ரீகா அப்படியில்லை. அங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். அல்பெர்த்தா தெருவில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மிகயீல் ஐசன்ஸ்டைன் கட்டிய வீடுகளின் முகப்பில் அலறும் முகங்கள், சிங்கங்கள். திரைப்பட இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைனின் அப்பா அவர். பழைய வீடுகளில் அவளுக்கு உள்ள ஆர்வத்துக்கு அந்த ஒரு தெருவே அரை நாள் பிடிக்கும். நெசவு என்று பார்த்தாலும் ரீகாவுக்குத்தான் முதலிடம் தருவேன். லாத்விய இடுப்புக் கச்சைகளில் நெய்த சிவப்பு வெள்ளைக் கோலங்களும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வடிவம் என்று பின்னிய கம்பளிக் கையுறைகளும் பார்த்தால் கைத்தறி தெரிந்தவர்கள் லேசில் நகர மாட்டார்கள். தம்பிக்கு, மத்தியச் சந்தை. செப்பலின் ஆகாயக் கப்பல்களை நிறுத்தக் கட்டிய கொட்டகைகளின் கூரை அமைப்புகளை எடுத்துவந்து 1930-இல் திறந்த ஐந்து பெரிய மண்டபங்கள். தேன், ஊறுகாய், பாலாடைக்கட்டி, கறுப்பு ரொட்டி என்று சைவத்துக்கும் வயிறு நிறையும்.

குறை என்றால், மூன்று நாளைக்கு ரீகா கொஞ்சம் பரந்த ஊர். பழைய ஊர் ஒரு பக்கம், அந்த வீடுகள் நடந்தால் இருபது நிமிடத்தில் இன்னொரு பக்கம், சந்தை வேறு திசையில். பெரிய சாலைகளைக் கடந்து கடந்து போக வேண்டியிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் பிரிந்தவர்கள் சந்திப்பது எளிதில்லை. இரண்டாவது பயணமாக, ஐரோப்பா ஓரளவு பழகிய பிறகு, ரீகாவுக்குப் போனால் அதன் அருமை நன்றாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

தாலினில் இந்த அலைச்சல் இல்லை. 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய ஊரை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிதானமாக நடந்தாலே இருபது நிமிடம் ஆகாது. மேல் ஊர், கீழ் ஊர் என்று இரண்டு அடுக்கு. இரண்டையும் இணைக்கும் இரண்டு சரிவுகளுக்கு 'நீண்ட கால்', 'குட்டைக் கால்' என்று பெயர். மேல் ஊர் விளிம்பில் நின்றால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் மதில் கோபுரங்களும், அவற்றுக்குப் பின்னால் கடலும் தெரியும். கீழே சந்தைச் சதுக்கத்தில் 1404-இல் கட்டி முடித்த நகர மண்டபம். அதே சதுக்கத்தின் மூலையில் 1422 முதல் ஆவணங்களில் பெயர் வரும் மருந்துக்கடை இன்றும் மருந்துக்கடைதான். தொலைந்துபோக நினைத்தாலும் ஏதாவது ஒரு கோபுரம் கண்ணில் பட்டு வழி காட்டிவிடும்.

பிரிந்து சுற்றவும் இது சரியான ஊர். பழைய துறவி மடத்தின் சுவரை ஒட்டிய கத்தரீனா சந்தில் கண்ணாடி, மட்பாண்டம், துணி என்று கைவேலைப் பட்டறைகள். உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பதை நின்று பார்க்கலாம். பக்கத்திலேயே மதிலடியில் கம்பளி பின்னி விற்கிறார்கள். அவளை அங்கே விட்டுவிட்டு அவன் கடற்கரைப் பக்கம் லென்னுசாடம் என்ற கடல் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். நீரில் இறங்கும் விமானங்களுக்காக முதல் உலகப் போரை ஒட்டிக் கட்டிய, தூணே இல்லாத மூன்று கான்கிரீட் குவிமாடங்கள். உள்ளே, 1936-இல் பிரிட்டனில் கட்டிய லெம்பித் நீர்மூழ்கிக் கப்பல் முழுசாக நிற்கிறது. அதற்குள் இறங்கி நடக்கலாம். என் கணவர் அங்கே மூன்று மணி நேரம் இருந்தார். நான் அந்த மூன்று மணி நேரமும் ஒரு நெசவுக்காரப் பெண்ணின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொது மொழி இல்லாமலே ஊடு, பாவு என்று கையைக் காட்டிப் பேசிக்கொண்டோம். சாயங்காலம் 1864 முதல் நடக்கும் மையாஸ்மொக் காபிக்கடையில் சந்தித்து, அவர் நீர்மூழ்கியைச் சொல்ல, நான் தறியைச் சொல்ல, கடை மூடும்வரை இருந்தோம். பெர்கனில் எங்களுக்குக் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

சாப்பாடு பயப்படும்படி இல்லை. காளான், பீட்ரூட், உருளைக்கிழங்கு, கறுப்பு ரொட்டி எங்கும் கிடைக்கும். 'கமா' என்று ஒன்று உண்டு. வறுத்த பார்லி, கம்பரிசி, ஓட்ஸ், பட்டாணி எல்லாம் சேர்த்து அரைத்த மாவை மோரில் கரைத்துக் குடிக்கிறார்கள். முதல் வாயிலேயே நம் சத்துமாவு ஞாபகம் வந்துவிடும். கம்பரிசி என்று நான் சொல்வது இங்கே ரொட்டிக்குப் போடும் ரை தானியத்தை. நம் கம்பு இல்லை. பணம் யூரோ. டென்மார்க், சுவீடன், நார்வே மூன்றுக்கும் தனித்தனி குரோனா.

கடைசியாக, போகிற வழி. ஸ்டாக்ஹோமிலிருந்து தாலினுக்கு இரவுக் கப்பல். சாயங்காலம் கிளம்பி மறுநாள் முற்பகலில் சேரும். செப்டம்பர் கடைசியில் கிளம்பும் நேரமும் சூரியன் மறையும் நேரமும் பக்கத்துப் பக்கத்தில் வரும். பாறைத் தீவுகளுக்கும் அவற்றின் மேல் நிற்கும் சின்னச் சிவப்பு வீடுகளுக்கும் நடுவே கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். நள்ளிரவில் ஓலாண்ட் தீவில் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தத் தீவு ஐரோப்பிய ஒன்றியத்தின் விற்பனை வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே தொட்டுப் போனால்தான் கப்பல் கடையில் வரியில்லாமல் விற்கலாம். வார இறுதியில் ஆட்டமும் பாட்டுமாகச் சத்தம் அதிகம், அதனால் திங்கள் அல்லது செவ்வாய் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். 1994 செப்டம்பர் 28-இல் இதே கடலில் எஸ்டோனியா என்ற கப்பல் மூழ்கி 852 பேர் இறந்தார்கள். தாலினில் பழைய கடல் வாசலுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. தம்பியும் அவன் மனைவியும் போகும் வாரத்தில் அங்கே பூக்களும் மெழுகுவர்த்திகளும் வைத்திருப்பார்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகச் சொன்னேன்.

ஆக, தாலின். போகும்போது கப்பலில் ஒரு இரவு, ஊரில் இரண்டு இரவு, திரும்பும்போது ஒரு மணி நேர விமானம். எஸ்டோனியாவும் ஷெங்கன் நாடுதான், தனி விசா வேண்டாம். அதிக நாள் தங்குவது சுவீடனில் என்பதால் விண்ணப்பத்தைச் சுவீடனுக்கே போட வேண்டும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க மறக்கக் கூடாது. இதை எழுதி அனுப்பியதும் தம்பியிடமிருந்து வந்த முதல் பதில், "அப்போ தரங்கம்பாடி ராஜா?"

அதற்கும் வழி இருக்கிறது. ஊருக்குத் திரும்பும் விமானத்தை ஸ்டாக்ஹோமிலிருந்து போடாமல் கோபன்ஹேகனிலிருந்து போட்டுவிடலாம். விலையில் பெரிய வித்தியாசம் வராது என்று தேடிப் பார்த்துவிட்டேன். கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலை ரயிலில் கிளம்பினால் பாலத்தைப் பகல் வெளிச்சத்தில் தாண்டலாம். மதியம் வட்டக் கோபுரம், ஒரே ஒரு இரவு ஹோட்டல், மறுநாள் மெட்ரோவில் கால் மணி நேரத்தில் விமான நிலையம். ஒரு இரவு என்றால் கோபன்ஹேகன் செலவும் தாங்கும்.

நேற்று அவள் தனியாக போன் செய்தாள். கப்பலில் ஜன்னல் உள்ள அறை எடுக்கலாமா, உள்பக்க அறை போதுமா என்று கேட்டாள். உள்பக்கம் விலை குறைவு என்று அவன் சொல்கிறானாம். தீவுகளை மேல்தளத்தில் நின்றுதான் பார்க்கப் போகிறீர்கள், அதனால் உள்பக்கமே போதும் என்றுதான் சொல்ல வந்தேன். அப்புறம், "விடியற்காலையில் முழிப்பு வந்தால் படுத்துக்கொண்டே கடலைப் பார்க்கலாமே அண்ணி" என்றாள். ஜன்னல் அறையே போட்டுவிட்டேன்.